ஒரு பவுசர் நல்ல தண்ணீர்

ஓய்வு பெற்ற அரச உத்தியோகத்தனுக்கு வழக்கமாக இரண்டு வேலைகள் மிஞ்சும். ஒன்று, ஊராருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது. மற்றது, தன்னுடைய காலத்தில் கந்தோர் எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்று கேட்காதவர்களுக்கும் சொல்லித் திரிவது. எனக்கு மூன்றாவதாக ஒன்றும் வந்து சேர்ந்தது. மன்னார் நகரத்தில் வெளிவாரிப் பட்டப்படிப்பு மாணவர்களுக்குச் சனி, ஞாயிறு வகுப்பு நடத்தும் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே முதலாம் ஆண்டுக்குச் சுற்றாடல் கற்கையின் அறிமுகப் பாடத்தைப் படிப்பித்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். என்னிடம் ஒரு விலங்கியல் பட்டம் இருந்தது. மாவட்டச் செயலகமான கச்சேரியில் கழித்த முப்பத்துச் சொச்சம் வருடங்களில், பழைய பதிவேடுகளைத் தின்றது கறையானா இராமபாணப் பூச்சியா என்று தீர்ப்புச் சொல்வதற்குத் தவிர அது எதற்கும் பயன்பட்டதில்லை. அதைக் காட்டித்தான் வேலைக்கு எடுத்தார்கள்.

பாடத்திட்டத்தில் எட்டு அலகுகள். முதல் ஏழும் உலகம் எப்படி இயங்குகிறது என்பது பற்றியவை. எட்டாவது, அது இயங்காதபோது யாருக்கு எழுத வேண்டும் என்பது. நான் எட்டாவதையே முதலில் எடுத்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். முறைப்பாடு, களப் பரிசோதனை, அறிக்கை, அனுமதிப்பத்திரம், மேன்முறையீடு என்று பலகையில் பெட்டி பெட்டியாகக் கீறி அம்புக்குறிகளால் இணைத்தேன். எல்லா அம்புகளும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் படத்தில் இன்றுவரை ஒரு பிழையும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

நிலத்தடி நீர் அலகு வந்தபோது ஒரு செய்முறை காட்டினேன். உயரமான கண்ணாடிக் கிளாஸ் ஒன்றில் உப்பைக் கரைத்து, கேக்குக்குப் போடும் சிவப்புச் சாயத்தில் இரண்டு துளி விட்டேன். பிறகு கரண்டியின் முதுகில் மெதுவாக ஊற்றி, அதன்மேல் நல்ல தண்ணீரை நிற்க வைத்தேன். கீழே சிவப்பு, மேலே வெள்ளை. இதுதான் நீங்கள் இருக்கும் தீவு என்று சொன்னேன். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கடல் தண்ணீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. ஆழமில்லாத கிணறு அந்த வில்லையின் மேற்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுகிறது. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும் என்பது பாடநூல் கணக்கு.

பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவர், மீன்பிடிச் சங்கத்தில் எழுதுவினைஞர், "சேர், சர்பத்துக்கு ஐஸ் போட மறந்திட்டீங்கள்" என்றார். வகுப்புச் சிரித்தது.

நான் ஒரு உறிஞ்சுகுழாயை எடுத்துக் கிளாஸின் அடிவரைக்கும் விட்டு இழுத்தேன். குழாயில் சிவப்பு ஏறியது. இரண்டு இழுவைக்குள் முழுக் கிளாஸும் கலங்கி இளஞ்சிவப்பாகிவிட்டது. வாயில் உப்பு. துப்புவதற்கு யன்னலுக்குப் போனேன். வெளியே நின்ற கழுதை இரண்டடி தள்ளி நின்றுகொண்டது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு முன்வாங்கில் ஒரு பெண்மணி எழும்பாமல் இருந்தார். நாற்பது வயதிருக்கும். தாராபுரத்துக்கு அப்பால் ஒரு கரையோரக் கிராமத்தில் பாலர் பாடசாலை ஆசிரியை. வகுப்பில் அதிகம் எழுதுபவரும் அவர்தான், அதிகம் கேள்வி கேட்பவரும் அவர்தான். இரண்டாவதை நான் அவ்வளவாக விரும்பியதில்லை.

"சேர், இந்தக் கிளாஸ் திரும்பத் தெளியுமோ?"

"விட்டால் தெளியும். கனகாலம் எடுக்கும். மழையும் வேணும்."

"குழாயை எடுத்தால்தானே?"

"ஓம். குழாயை எடுத்தால்தான்."

"எங்கட வளவுக்குப் பின்னால ஒரு ஐஸ் கொம்பனி வந்திருக்குது சேர். ஆழமாக் குழாய்க் கிணறு அடிச்சிருக்கிறாங்க. எங்கட கிணறு இப்ப இந்தக் கலர்லதான் நிக்குது. சாயம் மட்டும் இல்ல."

எனக்கு உடனே உற்சாகம் வந்தது. அதை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. ஒருவருடைய குடிதண்ணீர் போய்விட்டது என்று கேட்டதும் எனக்குள் பலகைப் பெட்டிகள்தான் எழும்பின. எந்தப் படிவம், எத்தனை பிரதி, யாருக்கு மூலம், யாருக்கு நகல் எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் படிவத்தைத் தமிழில் ஆக்கியதே நான்தான்.

அடுத்த வாரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். கடலிலிருந்து கூப்பிடு தூரம். பின்வேலிக்கு அப்பால் ஐஸ் கொம்பனியின் தகரக் கூரை. அதற்குள் மோட்டார் ஓடும் சத்தம் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. கிணறு வளவின் நடுவில், ஒரு பூவரச மரத்தின் கீழ் இருந்தது. வளையம் இறக்கிய மணற்கிணறு, இரண்டு ஆள் ஆழம்கூட இல்லை. நான் வாளியைப் போட்டு அள்ளி, கையில் ஏந்தி வாயில் விட்டேன். கடல் என்று சொல்ல முடியாது. குடிதண்ணீர் என்றும் சொல்ல முடியாது.

உள்ளேயிருந்து ஆசிரியையின் உம்மா ஏறக்குறைய ஓடி வந்தார். எழுபத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, தலையில் இழுத்துப் போட்ட வெள்ளைத் துணி. என் கையிலிருந்த வாளியைப் பறித்துத் தண்ணீரை வாழைக்கு ஊற்றினார்.

"தம்பி, வீட்டுக்கு வந்தவருக்குக் கிணத்துத் தண்ணி குடுத்த வீடெண்டு எங்களுக்குப் பேர் வாங்கித் தராதேங்கோ. உள்ள வந்து இரிங்கோ."

கதிரையில் இருத்தி, பவுசர் தண்ணீரில் போட்ட தேத்தண்ணீர் தந்தார். பவுசர் என்பது பிரதேச சபையின் தண்ணீர் வண்டி, கிழமைக்கு இரண்டு தரம் வரும். சுவரோரம் நீலப் பீப்பா ஒன்று மூடியபடி நின்றது. அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு செம்புக்கும் அவர் மூடியைத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யுத்தத்தில் ஊர் முழுக்க வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போன காலத்தில் இவர்களும் போனவர்கள். அங்கே இருந்த முகாமில் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். வெளியாட்கள் வந்தால் தேத்தண்ணீரை ஒரு வாய் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள். "வச்ச கோப்பையை நான் எடுக்க வேணும்" என்றார் உம்மா. "அவங்க ஒண்டும் சொல்ல மாட்டாங்க. நான்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்." பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் உடைமுள் காடு. கூரை, கதவு, நிலை எதுவும் இல்லை. கிணறு இருந்தது. இறைத்துப் பார்த்தார்கள், தண்ணீர் இனித்தது. அவருடைய கணவர் அன்றைக்கே, சரி, இங்கேதான் இருப்போம் என்று சொன்னாராம். அவர் இப்போது இல்லை.

"என்னைப் பட்டணத்துக்கு வா எண்டு இவ கூப்பிடுறா. நான் போகேலாது தம்பி. இந்தக் கிணத்துக்காகத்தான் வந்தனாங்கள்."

மகள் என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் வைத்துச் சொன்னார்: "கிணறு சரிவராட்டில் நான் உம்மாவைக் கொண்டுதான் போக வேணும் சேர். பவுசர் வராத கிழமையில பக்கத்து ஊருக்குப் போய்த் தூக்கிக்கொண்டு வாறன். எத்தனை நாளைக்கு? போனா அவ கனநாள் இருக்க மாட்டா. அது எனக்குத் தெரியும்."

முறைப்பாட்டை அன்றைக்கே எழுதினோம். ஊரில் வேறு யாரும் கையெழுத்து வைக்க வரவில்லை. பாதிப் பேருக்கு ஐஸ் கொம்பனியில் வேலை. மீதிப் பேருக்கு அங்கே ஐஸ் வேண்டும். ஒரு கையெழுத்தே போதும் என்று நான் தைரியம் சொன்னேன். சட்டப்படி அது உண்மை. மூன்று பிரதிகள், பதிவுத் தபால், பெற்றதற்கான சான்று அட்டை. கடிதத்தின் ஒவ்வொரு பந்திக்கும் இலக்கமிட்டேன். இலக்கமிட்ட பந்தியைக் கந்தோரில் யாரும் வாசிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எனக்கு எதையும் முழுமையாகச் செய்ய வேண்டும். வகுப்புக்கென்று நான் தயாரித்த ஒரு தாள் இருந்தது, 'முறைப்பாட்டாளர் கவனிக்க வேண்டியவை' என்ற தலைப்பில். அதில் ஒரு பிரதியை ஆசிரியைக்குக் கொடுத்தேன். ஆறாவது வரி இப்படி இருந்தது: 'பரிசோதனைக்கு அதிகாரி வருகை தரும் தினத்தில் கிணறும் அதன் சுற்றுப்புறமும் துப்புரவாகவும் தயார்நிலையிலும் இருத்தல் வேண்டும்.' நான் நினைத்தது செடியை வெட்டுவதையும் ஆட்டைக் கட்டுவதையும். பழைய நாட்களில் முள்ளுக்குள்ளால் போய்ச் காற்சட்டை கிழிந்த ஒரு உத்தியோகத்தர், கிணற்றைப் பார்க்காமலே திரும்பி வந்து 'அணுக முடியவில்லை' என்று எழுதிய சம்பவம் என் மனதில் இருந்தது. ஆசிரியை அந்தத் தாளை அலுமாரிக் கதவில் ஒட்டிவைத்தார். உம்மா விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பார் என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு கடிதம் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சுற்றாடல் உத்தியோகத்தர் வருவார். வருபவர் எனக்குத் தெரிந்தவர். ஒரு காலத்தில் என் மேசைக்கு முன்னால் இருந்து வேலை பழகியவர். நேர்மையான ஆள். இதைவிட நல்ல சகுனம் கிடையாது என்று நினைத்தேன்.

முதல்நாள் ஞாயிறு, ஆசிரியை காலையிலிருந்து பின்னேரம்வரை என் வகுப்பில் இருந்தார். அன்று நான் படிப்பித்தது மாதிரி எடுத்தல். போத்தலை மூன்று தரம் அலச வேண்டும், லேபிள் ஒட்ட வேண்டும், திகதியும் நேரமும் எழுத வேண்டும், இரண்டு தரப்பும் ஒப்பமிட வேண்டும். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

திங்கள் காலை நானும் போனேன், பார்வையாளனாக. வளவைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. கிணற்றைச் சுற்றிக் கடல் மணல் புதிதாகப் பரப்பியிருந்தது. வாளியும் கயிறும் புதியவை. நான் தயாரித்த ஆறாவது வரியை இவ்வளவு நன்றாக நிறைவேற்றியவர்கள் மாவட்டத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். என்னைக் கண்டதும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சேர், நீங்களுமோ? இனி நான் பிழை விடேலாது."

"நான் இல்லையெண்டு நினைச்சுச் செய்யுங்கோ."

"அது ஏலாது சேர். பதினாறு வருசம் பழகின பயம்."

அவர் எல்லாவற்றையும் செய்முறைப்படி செய்தார். போத்தலை மூன்று தரம் அலசினார். வாளியை மெதுவாக இறக்கி மேல்நீரை எடுத்தார். பேனை அளவான ஒரு மானி. நுனியைத் தண்ணீரில் வைத்தால் உப்பு எவ்வளவு என்று இலக்கம் காட்டும். வைத்தார். இலக்கத்தைப் பார்த்தார். மானியை உதறிவிட்டுத் திரும்ப வைத்தார். அதே இலக்கம்.

"நல்லாத்தானே இருக்குது" என்றார்.

ஆசிரியை முன்னால் வந்து வாளிக்குள் கைவிட்டு வாயில் வைத்தார். அவருடைய முகம் மாறியது. சந்தோசமாக மாறவில்லை. நானும் குடித்துப் பார்த்தேன். இனித்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு கணம் எனக்கு அவர்கள்மேல்தான் சந்தேகம் வந்தது. இரண்டு மாதம் முன்பு என் நாக்கு ருசித்த உப்பின்மேல்கூட.

உத்தியோகத்தர் படிவத்தை மடியில் வைத்து எழுதத் தொடங்கினார். நிறம்: இல்லை. மணம்: இல்லை. சுவை: ஏற்கத்தக்கது. மானி அளவீடு எழுதினார். முடிவு: குடிப்பதற்கு உகந்தது. கையொப்பம் வைத்தார். முறைப்பாட்டாளரும் வைக்க வேண்டும் என்று படிவத்தை நீட்டினார். ஆசிரியை பேனையைப் பிடித்தபடி நின்றார். அந்த நேரம்தான் உம்மா தட்டில் தேத்தண்ணீரோடு வெளியே வந்தார்.

"எப்பிடி மகன் தண்ணி?"

"நல்ல தண்ணி உம்மா. சும்மா பயந்திருக்கிறீங்கள்."

உம்மாவின் முகம் மலர்ந்தது. "நீங்கள் வாறீங்கள் எண்டு நேத்து நாலு பேரைப் பிடிச்சு அடிவரைக்கும் இறைச்சுப்போட்டு, ஒரு பவுசர் நல்ல தண்ணி காசுக்கு எடுத்து விட்டனாங்கள். இல்லாட்டி அந்தச் சவரையோ உங்களுக்குக் காட்டுறது?"

மோட்டார் வேலிக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தது. உம்மா தட்டை நீட்டியபடி நின்றார்.

அவருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. பிறகு மகளிடம் அவர் சொன்ன விளக்கத்தை யோசித்தால் எனக்கும் அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதிகாரி வருவது ஐஸ் கொம்பனியின் குழாயை நிற்பாட்ட. குற்றம் செய்தது கொம்பனி. அப்படியென்றால் அவர் பார்க்க வேண்டியது கொம்பனியைத்தானே? கிணறு வீட்டுச் சாமான். அந்தப் பகுதியில் கல்யாணப் பேச்சுக்கு ஆட்கள் வருவதென்றால் முதல்நாள் கிணறு இறைத்து நல்ல தண்ணீர் விடுவது வழக்கம். இறைக்காத கிணற்றடிக்கு ஒரு மனிதரைக் கூட்டிப்போவது, கூட்டாத வீட்டுக்குக் கூட்டிப்போவதுபோல. அதோடு துப்புரவாக இருக்க வேண்டும் என்று கந்தோர்த் தாளே சொல்கிறது, அலுமாரியில் ஒட்டியிருக்கிறது. ஆறாவது வரி.

உத்தியோகத்தர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார்.

"சேர், இதை எங்க எழுதுறது?"

படிவத்தில் அதற்கு இடம் இல்லை. பழைய படிவத்தில் இருந்தது. 'கிணறு இறுதியாக இறைக்கப்பட்ட திகதி' என்று ஒரு வரியும், கீழே 'வேறு குறிப்புகள்' என்று நாலு விரல் அகலமான ஒரு இடமும் இருந்தன. படிவத்தை ஒரே பக்கத்தில் அடக்கும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது அந்த இரண்டையும் எடுத்தவன் நான். வேறு குறிப்புகள் என்ற இடத்தில் உத்தியோகத்தர்கள் கட்டுரை எழுதுகிறார்கள் என்று அதற்குக் காரணமும் எழுதினேன். அந்தக் காரணத்தை மேலிடம் பாராட்டியது.

"பின்பக்கத்தில் எழுதலாமே" என்றேன்.

"எழுதலாம் சேர். என்னண்டு எழுதுறது? முறைப்பாட்டுக்காரர் கிணத்துக்குள்ள வெளித் தண்ணி விட்டவ எண்டோ? அப்ப இது மாதிரியில் தலையீடு. முறைப்பாடு தள்ளுபடியாகும், திரும்பக் குடுக்கவும் ஏலாது. எழுதாட்டி, தண்ணி நல்லது எண்டு மூடுவாங்கள். அப்பவாவது ஆறு மாதத்துக்குப் பிறகு புது முறைப்பாடு குடுக்கலாம்." படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "இந்த விதி நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தந்ததுதானே சேர்."

சொல்லித் தந்ததுதான். கொம்பனிக்காரர்கள் பரிசோதனை அன்று நல்ல தண்ணீரைக் கலந்துவிடுவார்கள் என்று பயந்து, அவர்களைப் பிடிப்பதற்காக வைத்த விதி. அது ஒரு கொம்பனியையும் பிடித்ததாக எனக்கு நினைவில்லை.

"இன்னொரு நாள் வந்து எடுக்கேலாதோ?" என்று கேட்டார் ஆசிரியை.

"ஒரு முறைப்பாட்டுக்கு ஒரு வருகை, டீச்சர்."

"இன்னும் ரெண்டு நாள்ல திரும்ப உப்பாப் போயிடும். நீங்க வந்து பார்த்தா விளங்கும்."

"எனக்கு இப்பவே விளங்குது" என்றார் அவர். "எனக்கு விளங்கி என்ன செய்ய?"

அவர் எழுதாமல் விட்டார். அதுதான் அவரால் செய்யக்கூடிய நன்மை. ஆசிரியை ஒப்பமிட்டார். உத்தியோகத்தர் தேத்தண்ணீரை நின்றபடியே முழுக்கக் குடித்தார். கோப்பை வெறுமையாகத் தட்டுக்குத் திரும்பியதை உம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு ஆசிரியை என்னைப் படலைவரை கூட்டி வந்தார்.

"உம்மாவுக்குச் சொல்லாதேங்கோ சேர்."

"எதை?"

"என்ன நடந்ததெண்டு. தன்னாலதான் எண்டு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

உங்கள் உம்மாவால் இல்லை, ஆறாவது வரியால் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது. சொல்லவில்லை. "மேன்முறையீடு ஒண்டு இருக்குது, பாப்பம்" என்றேன். பலகையில் கடைசிப் பெட்டி அது.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றைச் சொல்ல அதிகம் இல்லை. மேன்முறையீட்டுக்குப் புதிய சான்று வேண்டும். புதிய சான்று என்றால் ஆய்வுகூட அறிக்கை. ஆய்வுகூடம், தகுதிவாய்ந்த உத்தியோகத்தர் ஒப்பமிட்ட போத்தலை மட்டும்தான் ஏற்கும். தகுதிவாய்ந்த உத்தியோகத்தர் வர வேண்டுமென்றால் முறைப்பாடு திறந்திருக்க வேண்டும். கந்தோருக்குப் போய், முன்பு நான் மற்றவர்களை இருத்திய வாங்கில் இருந்தேன். முன்மேசையில் இருந்த பிள்ளை மரியாதையாக எழும்பி நின்று, எல்லாம் கேட்டுவிட்டு, "சேர், இதுக்கு ஒரு சுற்றறிக்கை இருக்குது, போட்டோக் கொப்பி தரட்டா?" என்றது. பிரதியைப் பார்த்தேன். மொழிநடை நன்றாக இருந்தது. என்னுடையது.

ஐஸ் கொம்பனியின் அனுமதிப்பத்திரம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட்டது. இணைப்பாக ஒரு பரிசோதனை அறிக்கை இருந்தது. அயற்கிணற்று நீர் குடிப்பதற்கு உகந்தது. முறைப்பாட்டாளரின் ஒப்பமும் இருந்தது. அவர்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

ஆறு மாதம் காத்திருந்து புது முறைப்பாடு கொடுத்தோம். புதுப்பித்த அனுமதிப்பத்திரம் நடைமுறையில் இருக்கும்போது, அதே காரணத்துக்கான முறைப்பாடு அடுத்த புதுப்பித்தலின்போது கவனத்தில் எடுக்கப்படும் என்று பதில் வந்தது. இந்த விதி என்னுடையது அல்ல. எனக்குப் பின் வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை.

இதற்கிடையில் பரீட்சை வந்தது. வினாத்தாளை நான்தான் தயாரிக்க வேண்டியிருந்தது. நிலத்தடி நீர் வில்லை பற்றி ஒரு வினாவை விட முடியாது, பாடத்திட்டம் கேட்கிறது. விடைத்தாள்களில் பெயர் இருக்காது, சுட்டெண் மட்டும். ஆனால் அவருடைய எழுத்து எனக்குத் தெரியும். வில்லையைப் படம் கீறி, உப்பு ஏறுவதை அம்புக்குறியிட்டு, குழாய்க் கிணற்றைச் சரியான இடத்தில் வைத்திருந்தார். பாதிக்கப்பட்டவர் பின்பற்ற வேண்டிய நடைமுறை என்ற பகுதிக்கு என் பெட்டிகளை அப்படியே கீறியிருந்தார். கடைசி வரி: 'இந்நடைமுறை முறையாகப் பின்பற்றப்படின் அயற்கிணறுகள் பாதுகாக்கப்படும்.' என் குறிப்பில் உள்ள வரி, ஒரு எழுத்துப் பிசகாமல். கேலியா என்று இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். இல்லை. சித்தியடைய வேண்டிய ஒருவர், திருத்துபவருக்கு வேண்டியதை எழுதியிருந்தார். புள்ளித்திட்டத்தில் அந்த வரிக்கு இரண்டு புள்ளி. இரண்டையும் போட்டேன்.

பெறுபேறு வந்த கிழமை உம்மா சொல்லி அனுப்பியதாக வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். சோளகக் காற்று மணலை அள்ளி அடித்துக்கொண்டிருந்தது. கிணற்றடி வாழை நுனியிலிருந்து கருகி வந்திருந்தது. பூவரசு இலை பாதி கொட்டியிருந்தது. நீலப் பீப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு பீப்பா. உள்ளே அறையில் இரண்டு பெட்டிகள் கட்டி, கயிறு போட்டு வைத்திருந்ததைக் கண்டேன். ஆசிரியை நான் கண்டதைக் கண்டார்.

"பட்டணத்தில ஒரு வீடு பாத்திருக்கிறன் சேர். நோன்பு முடிய. உம்மாவுக்கு இன்னும் சொல்லேல்ல. சாமான் ஒதுக்குறன் எண்டு சொல்லியிருக்கிறன்."

உம்மா தட்டில் தேத்தண்ணீரும் வட்டிலாப்பமும் கொண்டு வந்தார். மகள் சித்தியடைந்ததைவிட அவருக்குப் பெரிய சந்தோசம் ஒன்று இருந்தது. அலுமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த கடதாசி ஒன்றை எடுத்துக் காட்டினார். பரிசோதனை அறிக்கையின் பிரதி. 'குடிப்பதற்கு உகந்தது' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"கவர்மேந்தே எழுதித் தந்திருக்குது தம்பி, எங்கட கிணறு நல்லது எண்டு. இப்ப கொஞ்சம் சவர்தான். மழைக்குச் சரியாயிடும். என்ன?"

ஆசிரியை குசினிப் பக்கம் போய்விட்டார். நான் தேத்தண்ணீரை வாயில் வைத்தேன். நல்ல தண்ணீர். உம்மா என் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதனால் கீழே வைக்கவில்லை, முழுக்கக் குடித்தேன்.

"மழைக்கு..." என்று தொடங்கினேன். மேலே ஒரு அடி, கீழே நாற்பது அடி. வேலிக்கு அப்பால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "மழைக்குப் பாப்பம்" என்று முடித்தேன்.

அவர் கடதாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்து, துணிகளுக்கு அடியில் வைத்து, அலுமாரியைப் பூட்டினார். என் வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு போகும்போது திரும்பி நின்றார்.

"அந்த மகன் திரும்பக் கிணறு பாக்க வருவாரோ தம்பி?"

"வருவார். எப்ப எண்டு தெரியாது."

"வாறதெண்டா ஒரு நாள் முன்னுக்குச் சொல்லுங்கோ. பவுசருக்குச் சொல்லி வைக்க வேணும்."